காப்பு கட்டிய வார்டு

எனக்குத் தொழில் இன்சூரன்ஸ். கும்பகோணத்தில் குடியிருந்துகொண்டு, குடவாசல் பக்கம் ஊர் ஊராக ஸ்கூட்டியில் சுற்றி பாலிசி பிடிக்கிறவள். அப்படிப்பட்ட என்னை ஒரு மருத்துவக் கல்லூரி தன் எத்திக்ஸ் கமிட்டியில் உறுப்பினராக இருக்கும்படி கூப்பிட்டபோது, ஆள் மாறிப் போய்க் கூப்பிடுகிறார்கள் என்றுதான் நினைத்தேன். மனிதர்களை வைத்துச் செய்கிற எந்த ஆராய்ச்சியும் அந்தக் கமிட்டி சம்மதித்தால்தான் அங்கே நடக்கும். அதில் மருத்துவம் தெரியாத சாதாரண ஜனம் ஒருத்தர் இருக்க வேண்டும் என்பது விதி. என்னிடம் பாலிசி எடுத்திருந்த ஒரு நர்ஸ், "எங்க ஏரியாவுல ஒரு அக்கா இருக்காங்க, யாருக்கும் பயப்பட மாட்டாங்க, வாய் மட்டும் கொஞ்சம் நீளம்" என்று என்னைக் கைகாட்டி விட்டிருக்கிறார்.

முதல் சில கூட்டங்களில் அந்த நீள வாயை நான் திறக்கவே இல்லை. போண்டாவும் காபியும் நன்றாக இருந்தன. சர்க்கரை மாத்திரை, கண் சொட்டு மருந்து என்று ஏதேதோ வந்தது. டாக்டர்கள் பேசினார்கள், வக்கீல் உறுப்பினர் திருத்தம் சொன்னார், நான் கை தூக்கினேன். பிறகு ஒரு நாள் அந்த விண்ணப்பம் வந்தது.

கொண்டுவந்தவர் சமூக மருத்துவப் பேராசிரியர். சென்னைக்காரர், ஒல்லியான மனிதர். எதிராளி பேசி முடித்த பிறகும் கொஞ்சம் காத்திருந்துதான் பதில் சொல்லுவார். அவர் சொன்னதன் சாரம் இது. ஆரோக்கியமான ஆட்கள் சிலரை, அவர்கள் முழு சம்மதத்தோடு, தனி வார்டில் தங்க வைப்பது. சீதபேதிக் கிருமியை சோடா உப்புத் தண்ணீரில் கலந்து ஒரு டம்ளர் குடிக்கக் கொடுப்பது. பேதி கண்டவுடன் மருந்து கொடுத்துக் குணப்படுத்துவது. பின்னால் ஒரு தடுப்பு மருந்து தயாராகும்போது, அது வேலை செய்கிறதா என்று இதே முறையில் சீக்கிரமாகத் தெரிந்துகொள்வது.

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது.

"ஏன் சார், நோய் வந்தவங்களுக்கு மருந்து குடுக்கத்தானே உங்களைப் படிக்க வச்சாங்க? நல்லா நடமாடுறவனைக் கூப்பிட்டு உக்கார வச்சுப் பேதியைக் குடுப்பீங்களா?"

வக்கீல் இருமினார். பேராசிரியர் வழக்கம்போல் கொஞ்சம் காத்திருந்தார்.

"நியாயமான கேள்வி மேடம். நானும் என்னையே கேட்டுக்கிட்டதுதான். மழைக்காலம் முடிஞ்சா நம்ம பக்கத்துல சின்னப் பிள்ளைங்க இதுல போயிடுது. இதுக்கு இன்னும் தடுப்பு மருந்து வரல. வெளிநாட்டுல இந்த மாதிரி ஆராய்ச்சி பண்றாங்க. ஆனா இந்தத் தண்ணியைக் குடிச்சே வளர்ந்த வயிறு வேற, அவங்க வயிறு வேற. அங்க பலிச்ச மருந்து இங்க பலிக்கும்னு என்னால சத்தியம் பண்ண முடியல."

அவர் பொய் சொல்லவில்லை என்று தெரிந்தது. இருந்தாலும் நான் கை தூக்கவில்லை. தலைவர், பொதுஜனத்தின் ஆள் ஒத்துக்கொள்ளாமல் இதை முடிக்கப் போவதில்லை என்று கோப்பை மூடிவிட்டார். அன்றைக்கு போண்டா எனக்கு இறங்கவில்லை.

என் பயம் கிருமியைப் பற்றியது இல்லை. அது எந்த மருந்துக்கு அடங்குகிற கிருமி, எவ்வளவு கொடுப்பார்கள், யார் பக்கத்தில் இருப்பார்கள் என்பதையெல்லாம் அந்த மனிதர் எனக்குப் பொறுமையாகச் சொல்லிக் கொடுத்தார். என் பயம் கையெழுத்தைப் பற்றியது. நான் கையெழுத்து வாங்கியே பிழைக்கிறவள். எங்கள் பக்கத்தில் ஒரு வீட்டுக்குப் போய் உட்கார்ந்து, மோர் குடித்து, நான் பையைத் திறப்பதற்குள் "எங்க போடணும், சொல்லுங்க" என்று பேனாவை எடுத்துக்கொள்வார்கள். எதிரில் இருக்கிற முகத்துக்காகப் போடுகிற கையெழுத்து அது. நான் வற்புறுத்தி விதிகளைப் படித்துக் காட்டினால், "எங்க மேல நம்பிக்கை இல்லையாக்கா?" என்று கோபித்துக்கொண்டவர்களும் உண்டு. இந்த ஜனங்களிடம் ஒரு டாக்டரே வந்து கைகூப்பிக் கேட்டால் வேண்டாம் என்று எவன் சொல்லுவான்? இதை நான் கமிட்டியில் சொன்னபோது பேராசிரியர் குறித்துக்கொண்டார். கல்லூரி மாணவர்களைச் சேர்க்கலாம் என்று ஒருவர் சொன்னதையும் அதே காரணத்துக்காகத் தள்ளினோம். வாத்தியார் கேட்டால் பிள்ளைகள் எதையும் குடித்துவிடும்.

கடைசியில் ஒரு வழி கண்டார்கள். முதலில் ஒத்திகை. கிருமியே கிடையாது, வெறும் சோடா உப்புத் தண்ணீர். மற்றபடி எல்லாம் நிஜம்போல. ஆட்களிடம் பேசுவது, சம்மதம் வாங்குவது, ஒரு வாரம் வார்டில் தங்க வைப்பது, தினமும் பார்ப்பது. அது எப்படிப் போகிறது என்று பார்த்த பிறகு நான் கை தூக்கலாம், தூக்காமலும் இருக்கலாம். ஆட்களுக்குக் கொடுக்கிற விவரத்தாளில் கல்லூரிக்கு வெளியே இருக்கிற ஒரு ஆளின் தொலைபேசி எண் இருக்க வேண்டும் என்று நான் அடம்பிடித்தேன். அப்போ உங்க நம்பரையே போட்டுடுவோம் என்றார் பேராசிரியர். வாயைக் கொடுத்து மாட்டிக்கொண்டேன்.

குடவாசலுக்கு அருகில் ஒரு ஊரின் மாரியம்மன் கோயில் மண்டபத்தில்தான் கூட்டம் போட்டோம். பேராசிரியர் எதையும் மறைக்கவில்லை. இப்போது நடப்பது ஒத்திகைதான் என்றாலும், பின்னால் நிஜத்தில் என்ன ஆகும் என்பதையும் சேர்த்தே சொன்னார். வயிறு முறுக்கும், ரத்தமாகப் போகும், காய்ச்சல் அடிக்கும், அவமானமாக இருக்கும், மலத்தை டப்பாவில் பிடித்து நர்ஸிடம் கொடுக்க வேண்டும் என்று எல்லாவற்றையும் சொன்னார். டப்பா என்றதும் பையன்கள் சிரித்தார்கள். ஒரு அம்மா எழுந்து, "பணக்காரங்க வீட்டுப் பிள்ளைங்களைக் கூப்பிட வேண்டியதுதானே, ஏன் எங்க ஊரு?" என்று கேட்டாள். நான் மனசுக்குள் அந்த அம்மாவுக்கு ஒரு சபாஷ் போட்டேன்.

"அவங்க வடிகட்டின தண்ணி குடிக்கிறாங்கம்மா. மருந்து வந்தா முதல்ல தேவைப்படுறது உங்க வீட்டுப் பிள்ளைங்களுக்குத்தான். அதனால உங்ககிட்ட கேக்குறேன். வேணாம்னா வேணாம்தான். எனக்கு ஒண்ணும் வருத்தம் இல்லை."

அப்போது பின்வரிசையில் இருந்து ஒரு தம்பி எழுந்தார். முப்பது வயசுக்குள் இருக்கும். சிங்கப்பூரில் கொஞ்ச காலம் வேலை பார்த்துவிட்டு, திரும்பி வந்து குத்தகைக்கு நிலம் எடுத்துப் பயிர் வைத்திருப்பவர் என்று பிறகு தெரிந்துகொண்டேன். அக்கா மகள், மூன்று வயசுக் குழந்தை, சீதபேதியில் போனதாகச் சொன்னார். பைக்கில் தோள்மேல் போட்டுக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போகிற வழியிலேயே போய்விட்டது. "தூங்குதுன்னு நெனச்சேங்க" என்றார். உட்கார்ந்துவிட்டார். கூட்டம் முடிந்து போகும்போது முதலில் வந்து பெயர் கொடுத்தவர் அவர்தான். அவர் பின்னால் அவர் சேக்காளிகள் வந்தார்கள்.

பொங்கல் கழிந்து ஒத்திகை ஆரம்பமானது. பேராசிரியருக்கு இந்தப் பையன்கள்மேல் பெரிய மரியாதை வந்துவிட்டது. ஏதோ கூலிக்கு ஆள் பிடித்தமாதிரி பின்வாசல் வழியாகக் கூட்டிக்கொண்டு போகக் கூடாது என்றார். கல்லூரி அரங்கத்தில் சின்னதாக ஒரு விழா வைத்தார். ஊரிலிருந்து வேன் பிடித்துப் பெண்கள் எல்லாம் வந்திருந்தார்கள். விளக்கேற்றினார்கள். ஒவ்வொரு பையனாக மேடைக்குக் கூப்பிட்டு, ஆஸ்பத்திரியில் நோயாளிக்குக் கட்டுவார்களே அந்த பிளாஸ்டிக் பட்டை, அதைப் பேராசிரியரே தன் கையால் அவர்கள் மணிக்கட்டில் கட்டினார். ஒரு பெண் குலவை போட்டாள். டாக்டர்கள் திகைத்துப் போய்ப் பார்த்தார்கள். நான் விழுந்து விழுந்து சிரித்தேன். உண்மையைச் சொன்னால், கண்ணில் தண்ணியும் வந்தது. அந்த நல்ல மனுஷன் செய்த காரியம் அப்படி இருந்தது.

அன்றைக்கே சோடா உப்புத் தண்ணீரைக் குடித்துவிட்டுப் பையன்கள் வார்டுக்குள் போனார்கள். எந்த நேரமும் கிளம்பிப் போகலாம், காரணம் சொல்ல வேண்டாம் என்று விவரத்தாளில் கொட்டை எழுத்தில் போட்டிருந்தது. கதவிலும் ஒட்டியிருந்தது. நானும் ஒவ்வொருவரிடமும் தனித்தனியாகச் சொன்னேன். "சரிங்க மேடம்" என்றார்கள்.

இரண்டு நாள் கழித்து மழை பிடித்துக்கொண்டது. தை மாதத்தில் பெய்யக் கூடாத மழை. கும்பகோணத்தில் தெருவெல்லாம் தண்ணி. கதிர் முற்றி அறுப்புக்கு நிற்கிற நேரம், எங்கள் பக்கத்தில் அந்த மழையைக் கேட்டால் கடைக்காரன்கூடச் சோறு சரியாகச் சாப்பிட மாட்டான். மறுநாள் காலை நான் காபி போட்டுக்கொண்டிருந்தபோது போன் வந்தது. தெரியாத எண்.

"அக்கா, அந்தப் பேப்பர்ல நம்பர் போட்டிருக்கிறவங்க நீங்கதானே?"

அந்தத் தம்பியின் மனைவி.

"பயிரு பூராப் படுத்துருச்சுக்கா. வயல்ல தண்ணி கட்டி நிக்குது. இன்னைக்கு வடிக்கலன்னா நெல்லு கதிர்லயே மொளைச்சிடும். கைக்கொழந்தையை வச்சுக்கிட்டு நான் ஒருத்தி என்ன பண்ணுவேன்? பக்கத்து வயக்காரங்க அவங்கவங்க பாட்டைப் பாக்குறாங்க. இவருக்குப் போன் போட்டா வர முடியாதுங்கிறாரு. என்னக்கா, பூட்டியா வச்சிருக்கீங்க?"

எனக்கு மூக்கு நுனியில் கோபம் என்று என் வீட்டில் சொல்லுவார்கள். அன்றைக்கு அது தலைக்கே ஏறிவிட்டது. அடுப்பை அணைத்தேனா என்று ஞாபகம் இல்லை. மழையோடு மழையாக பஸ் பிடித்தேன். வழியெல்லாம் இரண்டு பக்கமும் வயல்கள் பாய் விரித்தமாதிரி படுத்துக் கிடந்தன. ஜன்னலுக்கு வெளியே பார்க்கப் பார்க்க, அந்த ஒல்லி மனிதரைக் கேட்க வேண்டிய கேள்விகள் எனக்குள் பெருகிக்கொண்டே வந்தன. இந்தக் கமிட்டியே வேண்டாம் என்று எழுதிக் கொடுத்துவிட்டு வருவது என்று முடிவே செய்துவிட்டேன்.

அவர் தன் அறையில் டிபன் பாக்ஸைத் திறந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

"பூட்டு எங்க சார் இருக்கு?"

"எந்தப் பூட்டு மேடம்?"

நான் கொட்டித் தீர்த்தேன். அவர் முகம் மாறியது. வயல் விஷயம் அவருக்குத் தெரியவே தெரியாது. மழை பெய்கிறதே, யாருக்காவது வீட்டுக்குப் போக வேண்டுமா என்று முந்தின நாள் வார்டில் கேட்டிருக்கிறார். எல்லோரும் "அதெல்லாம் ஒண்ணும் இல்லை சார்" என்று சொல்லியிருக்கிறார்கள். இட்லியை அப்படியே வைத்துவிட்டு எழுந்தார். இரண்டு பேரும் அங்கி மாட்டிக்கொண்டு வார்டுக்குள் போனோம்.

கதவில் தாழ்ப்பாள்கூடப் போடவில்லை. பையன்கள் கேரம் ஆடிக்கொண்டிருந்தார்கள். அந்தத் தம்பி மட்டும் ஜன்னல் பக்கத்தில் நின்று மழையைப் பார்த்துக்கொண்டிருந்தார். முகம் கறுத்துப் போயிருந்தது.

"தம்பி, கிளம்புங்க. கீழ வண்டி நிக்குது. கொண்டுபோய் விட்டுடுவாங்க" என்றார் பேராசிரியர்.

"பரவால்லைங்க சார்."

"என்ன பரவால்ல?" என்று நான் எகிறினேன். "உங்க வீட்டம்மா அங்க அழுவுது. வயலு முங்கிக் கிடக்கு. நீங்க குடிச்சது வெறும் சோடாத் தண்ணி. உங்களுக்கு ஒண்ணும் கிடையாது. எந்த நேரமும் போகலாம்னு எத்தனை தடவை சொன்னேன்?"

"சொன்னீங்க மேடம். இல்லைங்கல."

"அப்புறம் என்ன?"

அவர் தன் மணிக்கட்டைக் காட்டினார். "காப்பு கட்டியாச்சுங்களே."

பேராசிரியர் சென்னைக்காரர், காப்பு என்றால் வளையல் என்று நினைத்திருப்பார். கேரம் ஆடிக்கொண்டிருந்த பையன் ஒருவன்தான் அவருக்கு விளக்கினான். மாரியம்மன் திருவிழாவுக்கு மஞ்சள் கயிற்றில் காப்பு கட்டுவார்கள். கட்டியவர்கள் அதை அவிழ்க்கிற நாள் வரைக்கும் ஊர் எல்லையைத் தாண்டி ராத் தங்க மாட்டார்கள். அவன் சித்தப்பா ஒருத்தர் சொந்த மச்சினன் கல்யாணத்துக்கே போகவில்லையாம். நடுவில் ஒருத்தன் அவிழ்த்துவிட்டுப் போனால் ஊருக்கே ஆகாது. எல்லோருக்கும் ஒரே நாளில்தான் அவிழ்ப்பார்கள், கட்டினவர் கையால்தான் அவிழ்ப்பார்கள்.

"இது பிளாஸ்டிக் பட்டை தம்பி! நோயாளிக்குக் கட்டுறது. மஞ்சக் கயிறு இல்லை!"

"எதுல கட்டினா என்னங்க மேடம். விளக்கேத்தி, ஊரே பாக்க, சார் கையால கட்டினாரு. கட்டினது கட்டினதுதானே." பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டு சொன்னார். "நான் எறங்கிப் போயிட்டா இது நின்னுடும். பாப்பாவுக்குன்னு வந்துட்டு, நெல்லு நனையுதுன்னு ஓடினேன்னு இருக்க வேணாம்."

அவரை அங்கே யாரும் பிடித்து வைக்கவில்லை. கதவு திறந்திருந்தது, வண்டி நின்றது, விதி எழுத்தில் இருந்தது, பெரிய டாக்டரே போகச் சொன்னார். அவரால் போக முடியவில்லை. பஸ்ஸில் வரும்போது நான் சேர்த்து வைத்திருந்த கோபத்தை யார்மேல் கொட்டுவது என்று எனக்குத் தெரியவில்லை. அந்தத் தம்பியைக் கட்டிக்கொண்டு அழ வேண்டும்போல் இருந்தது. ஓங்கி ஒரு அறை விட வேண்டும்போலவும் இருந்தது.

பேராசிரியர் நர்ஸிடம் கத்தரிக்கோல் கேட்டார்.

"முதல்ல யாருக்குக் கட்டினேன்?"

ஒரு பையன் தயங்கிக் கையைத் தூக்கினான். பேராசிரியர் அவன் பட்டையை வெட்டினார். பிறகு அடுத்தவன். மேடையில் கட்டிய அதே வரிசையில் ஒவ்வொருவருக்காக வெட்டிக்கொண்டு வந்தார். ஒத்திகை அதோடு முடிந்தது என்று எனக்கும் புரிந்தது, நர்ஸுக்கும் புரிந்தது. அதற்காக எவ்வளவு அலைந்தார், எத்தனை பேரிடம் கெஞ்சினார் என்று நான் பார்த்திருக்கிறேன். அந்தத் தம்பியிடம் வந்ததும், "எல்லாருக்கும் ஆச்சு. கட்டினவனே அவுத்துட்டேன். இப்ப போகலாமா?" என்று கேட்டார்.

தம்பி தலையாட்டினார். அப்போதுதான் அவர் கண் கலங்கியது.

கேரம் பையன், "சார், காப்பு அவுத்தா மஞ்சத் தண்ணி ஊத்தணும்" என்றான். "வெளிய போ, மழை ஊத்தும்" என்றேன் நான்.

அந்த வண்டியிலேயே பையன்களோடு நானும் ஏறிக்கொண்டேன். ஊர் போய்ச் சேர்ந்ததும் தம்பி வீட்டுக்குள்கூட நுழையவில்லை. வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, மண்வெட்டியோடு வயலில் இறங்கி, வரப்பை வெட்டி வடிகாலுக்குத் தண்ணியைத் திறந்துவிட்டார். அவருடைய சேக்காளிகளும் இறங்கினார்கள். படுத்த பயிரைப் பிடி பிடியாகச் சேர்த்து நிமிர்த்திக் கட்டினார்கள். அவர் மனைவி குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு என்னைப் பிடித்துக்கொண்டாள்.

"இப்பவாவது விட மனசு வந்துச்சே."

"அவங்க பிடிச்சே வைக்கலம்மா."

"அப்ப ஏன் வரல?"

காப்பு என்று சொன்னேன். அவள் வயலில் நின்ற புருஷனை ஒரு பார்வை பார்த்தாள். பிறகு தலையில் அடித்துக்கொண்டாள். எனக்கு மோர் கொடுத்தாள். வாய்க்காலை ஒட்டிய பள்ளத்தில் கதிர் முளைத்துப் போய்விட்டது. மேட்டில் இருந்தது தேறியது. பாதிக்கு மேல் வீடு வந்து சேர்ந்தது என்று பிறகு போனில் சொன்னாள்.

அடுத்த கமிட்டிக் கூட்டத்தில் பேராசிரியர் நடந்ததை நடந்தபடியே சொன்னார். வக்கீல், படிவத்தில் ஒரு குறையும் இல்லையே என்றார்.

"படிவம் சரியாத்தான் இருந்தது சார். கதவும் திறந்துதான் இருந்தது. மரியாதை பண்றேன்னு நான் செஞ்சதுதான் அவரைக் கட்டிப் போட்டுடுச்சு" என்றார் பேராசிரியர். "நிஜக் கிருமியா இருந்து, ஒருத்தருக்கு நடுவுல பயம் வந்திருந்தா? வலி தாங்காம இருந்தும் பொறுத்துக்கிட்டுப் படுத்திருந்தா?"

நான் இன்னொன்றைக் கேட்டேன். நிஜக் கிருமியைக் குடித்த பிறகு ஒருவர் போகிறேன் என்றால் விடுவீர்களா? விட முடியாது என்று அவர் ஒத்துக்கொண்டார். ஆராய்ச்சியில் இருந்து விலகலாம், மருந்து கொடுத்துவிடுவார்கள், ஆனால் கிருமி வயிற்றை விட்டுப் போகும் வரைக்கும் வார்டில்தான் இருக்க வேண்டும், இல்லாவிட்டால் வீட்டில் இருக்கிற குழந்தைக்குப் போய்விடும். அப்படியானால் எந்த நேரமும் போகலாம் என்று எழுதியது பாதி உண்மைதான். எனக்கு மறுபடியும் கோபம் வந்தது. ஆனால் இந்தத் தடவை அவரும் என் கூடச் சேர்ந்து அந்தத் தாளின்மேல் கோபப்பட்டார். உட்கார்ந்து மாற்றி எழுதினோம். டம்ளரைக் கையில் வாங்குகிற வரைக்கும், ஏன், வாயில் வைக்கிற வரைக்கும், காரணம் சொல்லாமல் போகலாம். குடித்துவிட்டால் சில நாள் இருந்துதான் ஆக வேண்டும். அதைப் பளிச்சென்று முதலிலேயே போட்டோம். நடவு மாதத்திலும் அறுப்பு மாதத்திலும் கூடாது, வயல் சும்மா கிடக்கிற கோடையில்தான் என்று நான் சேர்க்கச் சொன்னேன். விழா கிடையாது, விளக்கு கிடையாது, பட்டை கிடையாது. ஒரே ஊரில் இருந்து கூட்டமாக வேண்டாம், தனித்தனியாக வரட்டும்.

இன்னொரு ஒத்திகை வைப்பது என்று முடிவானது. அதை வெளியில் இருந்து ஒருத்தர் பார்க்க வேண்டும் என்று என்னையே உட்கார வைத்தார்கள்.

சித்திரை வெயில். வார்டு வாசலில் வேப்ப மரத்தடியில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தேன். பல ஊர்களில் இருந்தும் ஆட்கள் வந்திருந்தார்கள். அந்தத் தம்பியும் வந்திருந்தார். என்னைப் பார்த்து வணக்கம் வைத்துவிட்டு உள்ளே போனார். ஜன்னல் கண்ணாடி வழியாக எனக்கு எல்லாம் தெரிந்தது. பேராசிரியர் ஒவ்வொருவரிடமும் புதுத் தாளைப் படித்துக் காட்டினார். நர்ஸ் டம்ளர்களைக் கொண்டுவந்து வைத்தார். இதுவும் சோடாத் தண்ணிதான், எல்லோருக்கும் தெரியும். ஒருத்தர் எடுத்துக் குடித்தார். இன்னொருத்தர் முகத்தைச் சுளித்துக்கொண்டு குடித்தார். தம்பியின் முறை வந்தது. டம்ளரை எடுத்தார். கொஞ்ச நேரம் கையிலேயே வைத்திருந்தார். பேராசிரியர் ஒன்றும் சொல்லவில்லை. நானும் நாற்காலியை விட்டு எழுந்துவிட்டேன் என்பது எனக்கே அப்புறம்தான் தெரிந்தது.

தம்பி டம்ளரை மேஜைமேல் திரும்ப வைத்தார். பேராசிரியரைப் பார்த்துத் தலையை அசைத்தார். செருப்பை மாட்டிக்கொண்டு வெளியே வந்துவிட்டார்.

வீட்டில் என்னமோ ஏதோ, குழந்தைக்கு உடம்பு சரியில்லையா, பயந்துவிட்டாரா, அந்தப் பாப்பா ஞாபகம் வந்துவிட்டதா என்று ஆயிரம் ஓடியது. அவர் என்னைக் கடந்து போகும்போது என் வாய் சும்மா இருக்கவில்லை.

"என்ன தம்பி, ஏன் வந்துட்டீங்க?"

அவர் நின்றார். என்னைப் பார்த்துச் சிரித்தார். அந்த மண்டபத்தில் பார்த்த நாளில் இருந்து அவர் சிரித்து நான் பார்த்ததே இல்லை.

"காரணம் சொல்ல வேணாம்னு நீங்கதானே மேடம் எழுதி வச்சிருக்கீங்க."

"போயிட்டு வரேங்க" என்று சொல்லிவிட்டு பஸ் ஸ்டாப் பக்கம் நடந்தார். நான் நாக்கைக் கடித்துக்கொண்டு அங்கேயே நின்றேன். பேராசிரியர் வாசலுக்கு வந்து, "என்ன சொன்னார்?" என்று ஆவலோடு கேட்டார். "ஒண்ணும் சொல்லல சார். நீங்களும் கேக்கக் கூடாது" என்றேன். இரண்டு பேரும் வெயிலில் நின்று, குடவாசல் பஸ் வந்து அவர் ஏறிப் போகிற வரைக்கும் பார்த்துக்கொண்டிருந்தோம். பேராசிரியர் தன் மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

அன்று சாயங்காலக் கூட்டத்தில் தலைவர் அந்தக் கோப்பைத் திறந்ததும் நான் கை தூக்கினேன்.

நிஜமான ஆராய்ச்சிக்கு ஆள் கேட்டபோது அந்தத் தம்பி வந்தாரா, வந்து டம்ளரை எடுத்தாரா என்று இதைப் படிக்கிறவர்கள் கேட்பீர்கள். எனக்குத் தெரியும். சொல்ல மாட்டேன்.